கொழுந்துப் பணத்துக்கு முன்னால் தவணை வந்துவிடுகிறது: எந்தக் கடனை முதலில் அடைப்பது, தசமபாகத்தை என்ன செய்வது?

கட்டபெட்டுக்காரன்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சுற்றி வளைக்காமல் கணக்கையே போட்டுவிடுகிறேன்.

வரவு: தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை, கையில் 15,000. வீட்டம்மா தையல் 4,000. ஒன்றேகால் ஏக்கர் தேயிலையில் பறிப்புக் கூலி, உரம் எல்லாம் போக வருடச் சராசரி பார்த்தால் மாதம் 5,000 நிற்கும். ஆனால் மே, ஜூனில் 9,000 வந்தால் பனிக்காலத்தில் 1,500 தேறுவதே பாடு. சராசரி மொத்தம் 24,000.

கடன்:

நகைக்கடன், தனியார் பைனான்ஸ், 1,20,000. இரண்டு அடகுச் சீட்டு (70,000, 50,000). இரண்டு வட்டி (நூற்றுக்கு மாதம் 2 ரூபாய்), அதாவது மாதம் 2,400. வட்டி மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைக்கிறோம்.
மகளிர் குழு லோன், பாக்கி 38,000. தவணை 2,640, இன்னும் 17 மாதம்.
கிரெடிட் கார்டு 45,000. மினிமம் 2,250 மட்டும் கட்டுகிறோம்.
கைக்கடன் 30,000, அஞ்சு வட்டி, மாதம் 1,500. புரோ நோட்டும் தொகை நிரப்பாத செக் ஒன்றும் கொடுத்திருக்கிறது.
கொழுந்து (பச்சைத் தேயிலை) வாங்கும் ஏஜென்டிடம் அட்வான்ஸ் 15,000. இதற்கு வட்டி கிடையாது.
பைக் தவணை 1,900, இன்னும் 9 மாதம்.

இதுபோக 50,000 ரூபாய் ஏலச்சீட்டு, 20 மாதம், பதிவு பெற்ற கம்பெனி. 11 மாதம் கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. தள்ளுபடி போக மாதம் 2,200 போகிறது. வீட்டுச் செலவு 9,500 (சொந்த வீடு). தசமபாகம் (வரவில் பத்தில் ஒரு பங்கு சபைக்குக் காணிக்கை) 2,400, அதை இதுவரை நிறுத்தியதில்லை.

கேள்விகள்: எதை முதலில் அடைப்பது? கடன் தீரும்வரை தசமபாகத்தை நிறுத்தினால் தப்பா? இன்னொரு குழுக் கம்பெனிக்காரர் 60,000 தருகிறேன், சில்லறைக் கடன்களையெல்லாம் ஒன்றாக்கிவிடலாம் என்கிறார், வாங்கலாமா? மச்சான் கூட்டுறவு சங்கத்தில் கடன் எடுக்க ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார், என்ன சொல்வது?

குன்னூர் கணக்குப்பிள்ளை:

ஸ்தோத்திரம் தம்பி. நீங்கள் எழுதிய செலவையெல்லாம் கூட்டினால் 24,790. வரவு 24,000. சராசரி மாதத்திலேயே 790 துண்டு விழுகிறது. பனிக்காலத்தில் தேயிலைப் பணம் 3,500 குறையும்போது துண்டு 4,290. அந்தத் துண்டைத்தான் கார்டு தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் சிக்கல் வீட்டுச் செலவு இல்லை. 9,500-ல் குடும்பம் நடத்துகிற வீட்டில் இன்னும் சிக்கனம் பேசுவது அநியாயம். வட்டி விகிதம்தான் ஆளை அடிக்கிறது.

முதலில் எல்லா வட்டியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள், வருடத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று.

கைக்கடன் 60. இதில் ஒளிவு மறைவு இல்லை.

கார்டு: பில்லின் கடைசிப் பக்கத்தில் மாத வட்டி போட்டிருக்கும். பெரும்பாலான கார்டுகளில் 3.5 சதவீத அளவில் இருக்கும். அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 45,000-க்கு வட்டி 1,575, ஜிஎஸ்டி 283, ஆக 1,858. நீங்கள் கட்டும் 2,250-ல் அசலுக்குப் போவது 392 ரூபாய்தான். வருடக் கணக்கில் 50-ஐத் தொடுகிறது. பாக்கியைச் சுமக்கும் வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இது பலருக்குத் தெரியாது.

ஏஜென்ட் அட்வான்ஸ்: வட்டி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அட்வான்ஸ் வாங்காத பக்கத்துத் தோட்டக்காரருக்கு அதே மாதம் அதே தொழிற்சாலையில் கிலோவுக்கு என்ன விலை விழுந்தது என்று கேட்டு, உங்கள் கொழுந்து ரசீதோடு ஒப்பிடுங்கள். கிலோவுக்கு 1 ரூபாய் குறைந்து, மாதம் 400 கிலோ போட்டால் அதுவே 400 ரூபாய். 15,000-க்கு மாதம் 400 என்றால் வருடத்துக்கு 32 சதவீதம். மழை மாதங்களில் ஈரக் கழிவு கூடுதலாகப் பிடிக்கிறாரா என்பதையும் பாருங்கள்; அட்வான்ஸ் வாங்கியவர் வாயைத் திறக்க மாட்டார் என்று அங்கேதான் கை வைப்பார்கள்.

நகை 24. குழு லோனும் உங்கள் தவணையைப் பார்த்தால் 24 சுமார். பைக்கை விட்டுவிடுங்கள், முடியப்போகிற கடனை முன்கூட்டி அடைத்து லாபமில்லை.

இப்போது செய்ய வேண்டியது.

ஏலச்சீட்டை அடுத்த ஏலத்திலேயே எடுங்கள். 12-ஆம் மாதத்தில் தள்ளுபடியெல்லாம் போக 44,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசிவரை காத்திருந்தால் கம்பெனி கமிஷன் போக 47,500 கிடைக்கலாம் (சட்டப்படி கமிஷன் அதிகபட்சம் 7 சதவீதம், உங்கள் ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று பாருங்கள்). அந்த 3,500-க்காக 8 மாதம் காத்திருந்தால் அஞ்சு வட்டிக்கு மட்டும் 12,000 கட்டியிருப்பீர்கள். ஏலம் எடுத்தபின் மீதி மாதங்களுக்குக் கம்பெனி ஜாமீன் கேட்கும். சம்பளச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், இல்லையென்றால் எடுத்த சீட்டுப் பணம் வாரக்கணக்கில் கம்பெனியிலேயே கிடக்கும்.

அந்த 44,000-ஐ உடனே யாருக்கும் கொடுக்காதீர்கள். முதலில் நகையைச் சுழற்றப் பயன்படுத்துங்கள். 6,000 சேர்த்தால் 50,000 அடகுச் சீட்டை மீட்கலாம். மீட்ட நகையை அன்றே வங்கியிலோ மத்திய கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள். அங்கே வட்டி வருடத்துக்கு 10-ஐ ஒட்டி இருக்கும், சிட்டா நகல் கொண்டுபோய் விவசாய நகைக்கடனாக வைக்க முடியுமா என்று கேட்டால் இன்னும் குறையலாம். நீங்கள் அடகு வைத்தது தங்கம் விலை குறைவாக இருந்த காலமாகத்தான் இருக்கும், அதனால் அந்த ஒரு பொட்டலத்துக்கே 70,000-க்கு மேல் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதை வைத்து இரண்டாவது அடகுச் சீட்டை மீட்டு, அந்த நகையையும் வங்கிக்கு மாற்றுங்கள். முடிவில் வங்கியில் கடன் அதே 1,20,000, கையில் சீட்டுப் பணம் 44,000 முழுதாகத் திரும்பியிருக்கும். மாத வட்டி 2,400 இருந்த இடத்தில் 1,000.

இதில் எங்கே சறுக்கும் என்றால்: வங்கியில் மதிப்பீட்டாளர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்காமல் நகையை மீட்டுவிடுவது. மலைக் கிளைகளில் தினமும் இருக்கமாட்டார். இரண்டாவது, கல் வைத்த நகையில் கல் எடையைக் கழித்துத்தான் மதிப்பு போடுவார்கள். மூன்றாவதுதான் பெரியது: மதிப்பீட்டாளர் "இன்னும் ஒரு லட்சம் தரலாமே" என்பார். 1,20,000-க்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். பழைய பைனான்ஸில் வட்டி படிப்படியாக ஏறும் திட்டமா என்பதையும் பாருங்கள். 30 நாளுக்குள் கட்டினால் ஒரு விகிதம், தாண்டினால் அடுத்த படி என்று இருந்தால் அந்தத் தேதிக்கு முன்னால் மீட்பது நல்லது. கடை வாசலில் "மீட்டுத் தருகிறோம்" என்று நிற்பவர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள்.

அதன்பின் 44,000-ல் 30,000 கைக்கடனுக்கு, 10,000 கார்டுக்கு, 4,000 தனிக் கணக்கில் பனிக்காலத்துக்கு.

இதன் பலன்: வட்டியில் 1,400-ம் 1,500-ம் மிச்சம், மொத்தம் 2,900. துண்டு 790 போக 2,110 நிற்கிறது. அதைப் பழைய 2,250-ஓடு சேர்த்து மாதம் 4,360 கார்டுக்குக் கட்டினால் 35,000 பாக்கி 10 மாதத்தில் தீரும். வங்கியில் கேட்டு அதை இஎம்ஐ ஆக மாற்றினால் வட்டி குறையும், ஆனால் செயலாக்கக் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் பைக், சீட்டு இரண்டும் முடிந்துவிடும். அப்போது மாதம் 8,460 கையில் விடுபடும். அடுத்து ஏஜென்ட், அடுத்து குழு, கடைசியில் வங்கி நகை. பனிக்கால இழுபறியையும் சேர்த்து இரண்டரை வருடத்துக்குள் முடியும்.

சிலர் "சின்னக் கடனை முதலில் அடை, மனசுக்குத் தெம்பு வரும்" என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஏஜென்ட் அட்வான்ஸ்தான் முதல். உங்கள் விஷயத்தில் அது சரிவராது. 60-ம் 50-ம் ஓடிக்கொண்டிருக்கும்போது 32-ஐத் தொடக்கூடாது.

கூடலூர் குழுத்தலைவி:

அண்ணா, அந்தப் புதுக் குழு லோன் 60,000 வேண்டவே வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ரிசர்வ் வங்கி விதி 2022 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. வருட வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதுதான் மைக்ரோ பைனான்ஸ் கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்களுக்குப் பாதி 12,000. இப்போதே 10,690 போகிறது. 60,000-க்கு இரண்டு வருடத் தவணை 3,000-க்கு மேல் வரும். விதிப்படி அவர் கொடுக்கவே கூடாது. எப்படிக் கொடுக்கிறார் என்றால் விண்ணப்பத்தில் வருமானத்தை ஏற்றிப் போடுவார், இல்லை வேறு கடனைக் காட்டாமல் விடுவார். அதில் கையெழுத்து உங்கள் வீட்டம்மாவுடையது. "எல்லாத்தையும் ஒன்றாக்குகிறேன்" என்று வாங்கிய பணத்தில் கையில் வருவது முழுசாகவும் இருக்காது. செயலாக்கக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கடன் விவர அட்டை என்று ஒரு தாள் தர வேண்டும், அதில் வருட வட்டி, எல்லாக் கட்டணமும் இருக்க வேண்டும். இப்போது ஓடுகிற குழு லோனுக்கு அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இப்போதுள்ள குழுத் தவணையை மட்டும் எந்த மாதமும் தவறவிடாதீர்கள். நீங்கள் கட்டாவிட்டால் அன்றைக்குச் சென்டரில் (குழு கூடித் தவணை கட்டும் இடம்) உட்கார்ந்திருக்கிற மற்ற பெண்கள் பையில் இருந்துதான் எடுப்பார்கள். கடனோடு பக்கத்து வீட்டு உறவும் போகும். முன்கூட்டி அடைத்தால் மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு அபராதம் கிடையாது, கேட்டால் அந்த விதியைச் சொல்லுங்கள்.

வசூல் நேரம் காலை 9-க்கு முன்னாலும் மாலை 6-க்குப் பின்னாலும் கூடாது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு "பணம் வந்தால்தான் எழுந்திருப்பேன்" என்பது விதிமீறல். உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் அடகு வாங்கப் போனவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்று மோசே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள், இன்றைய விதியும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது. தொல்லை கொடுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், 14448 என்ற எண்ணில் எப்படிப் புகார் தருவது என்று தமிழிலேயே கேட்கலாம். மிரட்டல் என்றால் காத்திருக்க வேண்டாம், காவல் நிலையம். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அஞ்சு வட்டிக்காரர் விஷயத்துக்கு 2003-ஆம் வருட அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கையில் பணம் வரப்போகிறதால் சண்டை போடாமல் அடைத்து முடிப்பதே உங்களுக்கு நல்லது.

உதகை ஓய்வூழியன்:

தசமபாகக் கேள்விக்கு மட்டும் வருகிறேன், ஜாமீனுக்கும் சேர்த்து.

கணக்குப்பிள்ளை போட்ட கணக்கைக் கவனித்தீர்களா? தசமபாகத்தில் கை வைக்காமலே போட்டிருக்கிறார். காணிக்கையை மாதம் 1,000 ஆகக் குறைத்து, மிச்சம் 1,400-ஐயும் கார்டுக்குக் கட்டினால் 10 மாதம் என்பது ஏழு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். இவ்வளவுதான் வித்தியாசம். உங்களைக் கடனில் தள்ளியது காணிக்கை இல்லை. அதனால் நிறுத்துவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆனால் கணக்கைச் சரியாக வையுங்கள். சராசரி 24,000-க்கு 2,400 என்று எல்லா மாதமும் கொடுக்கத் தேவையில்லை. பத்தில் ஒன்று என்றால் அந்தந்த மாதம் வந்ததில் பத்தில் ஒன்று. பனி மாதம் 20,500 வந்தால் 2,050, மே மாதம் 28,000 வந்தால் 2,800. "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று பவுல் 2 கொரிந்தியர் 8:12-ல் எழுதுகிறார். இல்லாததற்குக் கொடுக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கார்டில் தேய்த்துக் காணிக்கை போடுகிறார்கள். அது உங்கள் பணமும் இல்லை. கடன் கொடுத்தவன் பணத்தில் போடும் காணிக்கை.

அதைவிடக் கவனிக்க வேண்டியவை தசமபாகத்துக்கு வெளியே இருப்பவை. சபைச் சந்தா, அறுப்பின் பண்டிகை ஏலம், கன்வென்ஷன் காணிக்கை, கட்டட நிதி வாக்குறுதி, அசனத்துக்கு (சபை விருந்து) ஒரு மூட்டை அரிசி. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை உற்சாகத்தில் 1,500-க்கு எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து யாரிடம் கடன் கேட்பது என்று பார்ப்பது நம் மலையில் நடக்கிற காரியம். கடன் தீரும்வரை இவற்றுக்கு வருடத்துக்கு ஒரு தொகை, 2,000 என்றால் 2,000, எழுதி வைத்துக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். கட்டட நிதிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தால் ஆயரைத் தனியாகப் பார்த்து, தொகையை மாற்றாமல் காலத்தை நீட்டிக் கேளுங்கள். பொருத்தனையை மறைத்து விடுவதைவிட அது நேர்மை. எந்த நல்ல ஆயரும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

கடனைக் கட்டுவதும் தேவனுக்கு முன்பாக ஒரு கடமைதான். சங்கீதம் 37:21-ல் கடன் வாங்கிச் செலுத்தாமல் போகிறவனைத் துன்மார்க்கன் என்கிறது. 2 இராஜாக்கள் 4-ல் விதவைக்கு எண்ணெய் பெருகியபின் எலிசா சொன்ன வரிசையைப் பாருங்கள்: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் ஜீவனம். அற்புதம் நடந்த வீட்டிலும் கடன்காரனுக்குத்தான் முதல் பங்கு.

ஜாமீனுக்கு வேதமும் சட்டமும் ஒரே பதில் சொல்கின்றன. நீதிமொழிகள் 22:26, 27-ல் பிணைப்பட்டவனிடம் செலுத்த ஒன்றும் இல்லையென்றால் அவன் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்று இருக்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவுப்படி ஜாமீன் போட்டவருடைய பொறுப்பு கடன் வாங்கியவருடைய பொறுப்புக்குச் சமம். மச்சானிடம் வசூல் செய்து பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கூட்டுறவு சங்கத்துக்கு இல்லை. "எனக்கே 2,64,000 கடன் இருக்கிறது" என்று கணக்கைக் காட்டியே சொல்லிவிடுங்கள். சாக்குச் சொன்னால் அடுத்த வருடம் திரும்பக் கேட்பார். உதவ மனம் இருந்தால் திருப்பிக் கேட்காத தொகையாக 1,000 கொடுங்கள்.

கோடநாடு ரோடு:

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் ஒப்புதல் இல்லை. நகையை வங்கிக்கு மாற்றி இன்னும் இரண்டு வருடம் வட்டி கட்டுவதற்குப் பதில், தங்கம் விலை ஏறிக் கிடக்கும்போது ஒரு உருப்படியை விற்றால் நகைக்கடனும் கார்டும் ஒரே நாளில் குறையுமே. லாக்கரில் கிடக்கிற சங்கிலி வட்டி கேட்கிறது, விற்ற சங்கிலி கேட்காது.

குன்னூர் கணக்குப்பிள்ளை:

கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி. 10 சதவீதக் கடனுக்கு நகையைப் பூட்டி வைத்துக்கொண்டு 50 சதவீதக் கார்டைச் சுமப்பதில் அர்த்தமில்லை. வீட்டம்மா மனசோடு சம்மதித்தால் விற்கலாம். அந்தச் சம்மதம் இல்லாமல் விற்றால் ஒரு வருடத்தில் அதைவிடப் பெரிய நகையைக் கடனில் வாங்கும் நிலை வரும்.

விற்பதென்றால் சில விஷயம். செய்கூலி அதிகமான, கல் வைத்த நகையை விற்காதீர்கள். அதில் நஷ்டம் அதிகம். வளையல், மொட்டையான சங்கிலி போன்றது நல்லது. ஹால்மார்க் முத்திரை இருந்தால் தரத்தில் பேரம் பேச இடமில்லை. வாங்கிய கடையில் பழைய பில்லோடு போனால் எடைக் கழிவு குறையும், ஆனால் பல கடைகள் "மாற்றிக்கொண்டால் முழு விலை, பணமாகக் கேட்டால் இவ்வளவு கழிவு" என்று இரண்டு கணக்கு வைத்திருப்பார்கள். மூன்று இடத்தில் எடை போட்டுக் கேளுங்கள். ஊட்டியில் கேட்டதை மேட்டுப்பாளையத்திலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். தாலிக்கொடியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கட்டபெட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் இன்றே பேசுகிறேன், புதுக் குழு லோன் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். பனிக்காலத்துக்கு 4,000 போதுமா? கைக்கடனையும் கார்டையும் முடிக்கும்போது என்னென்ன வாங்க வேண்டும்?

கேத்தித் தேயிலை:

4,000 போதாது. நவம்பர் கடைசியில் பனி இறங்கினால் பிப்ரவரி வரை கொழுந்து ஏறாது, கடும் பனி அடித்தால் இருக்கிற துளிரும் கருகிவிடும். மாதம் 3,500 வீதம் மூன்று மாதம் என்றால் 10,500. அதுவும் சரியாகக் கிறிஸ்துமஸ் சமயத்தில். புதுத்துணி, கேக், கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்கு டீ பலகாரம், ஊருக்குப் போக பஸ் செலவு எல்லாம் வரவு அடிமட்டத்தில் இருக்கும் மாதத்தில் வருகிறது. கார்டில் ஏறியதில் பாதி டிசம்பர் மாதத்ததாக இருக்கும், பழைய பில்களைப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: சராசரி 5,000-க்குத்தான் குடும்பம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வருகிற கொழுந்துப் பணத்தைத் தொழிற்சாலையில் வாங்கிய அன்றே தனிக் கணக்கில் போடுங்கள். மே, ஜூனில் 4,000 வீதம், அக்டோபரில் வருகிறது எதுவோ அது. தபால் நிலைய சேமிப்புக் கணக்கு நல்லது. அதற்கு ஏடிஎம் கார்டு வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம் கவாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. ஒன்றேகால் ஏக்கரையும் ஒரே வருடம் வெட்டிவிட்டால் மூன்று நான்கு மாதம் ஒரு கிலோ கொழுந்து வராது, அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் அட்வான்ஸே பிறக்கிறது. தோட்டத்தை நான்கு பாத்தியாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பாத்தி வெட்டுங்கள். விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் மாத வரவு அறுபடாது. உரத்தை ஏஜென்டிடம் கடனுக்கு எடுக்காமல் கூட்டுறவு சங்கத்தில் எடுங்கள். பக்கத்தில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறதே, உறுப்பினராகி நேரடியாகக் கொழுந்து போட முடியுமா என்று விசாரியுங்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்கு அறிவிக்கும் சராசரி விலையை உங்கள் கொழுந்து ரசீதோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

இருவருக்கும் வங்கிக் கணக்கில் அரசு இன்சூரன்ஸ் இரண்டும் ஓடுகிறதா பாருங்கள். விபத்துக் காப்பீடு வருடம் 20 ரூபாய், ஆயுள் காப்பீடு 436 ரூபாய், 50 வயதுக்குள் சேர வேண்டும், தலா 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் ரத்தாகிவிடும்.

குன்னூர் கணக்குப்பிள்ளை:

கைக்கடன்: பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அல்லது யுபிஐ-யில் அனுப்புங்கள். "அசல் 30,000 இன்ன தேதி புரோ நோட்டுக்கு முழுப் பைசல்" என்று குறிப்பு எழுதி அனுப்பலாம். அவர் ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சாட்சி ஒருவரோடு போய், புரோ நோட்டின் பின்புறத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கி, நோட்டையே கையில் வாங்கிக்கொண்டுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும். நோட்டைத் தேடித் தருகிறேன், அடுத்த வாரம் தருகிறேன் என்றால் பணமும் அடுத்த வாரம். நிரப்பாத செக்கைத் திருப்பி வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்றால் அதை அவர் கைப்பட எழுதித் தர வேண்டும், உடனே வங்கியில் அந்த செக் எண்ணுக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். இதுவரை கட்டிய வட்டிக்கு ரசீது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

கார்டு: நடுவில் வங்கியிலிருந்து கூப்பிட்டு "45,000-க்கு 28,000 கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்று ஆசை காட்டலாம். நீங்கள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்போது அதற்கு ஒப்புக்கொண்டால் சிபில் பதிவில் (உங்கள் கடன் வரலாறு) முழுதாக அடைத்ததாக வராது, குறைத்து முடித்ததாக வரும். பின்னால் வீட்டுக் கடனோ பிள்ளையின் படிப்புக் கடனோ கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். முழுதாகவே கட்டுங்கள். பாக்கி பூஜ்யம் ஆனபின் கார்டை வெட்டிப் போட்டால் மட்டும் கணக்கு மூடாது, எழுத்தில் கேட்க வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு, போன் ரீசார்ஜ் மாதிரி, ஏதாவது அந்தக் கார்டில் இருந்தால் முன்கூட்டியே நிறுத்துங்கள். 199 ரூபாய் ஒன்று ஏறினால் மூடும் விண்ணப்பமே நின்றுவிடும். பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம். அதில் கார்டுக்கு நேராகப் பாக்கி பூஜ்யம், கணக்கு மூடப்பட்டது என்று வந்திருக்கிறதா, உங்கள் பெயரில் தெரியாத ஜாமீன் எதுவும் ஏறியிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். வீட்டம்மா பெயருக்கும் தனியாக ஒன்று எடுங்கள், குழு லோன் அவர் பெயரில்தானே இருக்கிறது.